கட்டிலோரத்துச் சுவிட்ச்

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது பிளக் பாயிண்ட்டைத்தான்.

என் கணவர் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். வேன்காரர் கட்டிலையும் மெஷினையும் இறக்கிக்கொண்டிருந்தார். சிலிண்டர் தீர்வதற்குள் மெஷினை ஓடவிட்டாக வேண்டும். கல் உடைக்கும் ஆலையில் பாதி ஆயுளைத் தூசிக்குள் கழித்தவர் அவர். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிக்கொண்டிருந்தது. சுற்றியிருக்கும் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்பும் அந்த மெஷின்தான் அவருக்கு மூச்சு. இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம், எந்நேரமும் ஒரு உறுமல். அதற்கு அவர் வைத்த பெயர் சின்ன வீடு.

"பெரிய வீட்டை விட்டுட்டுக்கூட ஒரு நாள் இருந்துடுவேன் டாக்டர். சின்ன வீட்டை விட்டுட்டு இருக்க முடியாது" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னவர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வீடு பழையது. கனத்த சுவர்கள், உயரமான ஜன்னல்கள். ஆனால் பிளக் பாயிண்ட்கள் மட்டும் புத்தம் புதியவை. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டப் பட்டன், அதற்குள் கடுகளவு பச்சை வெளிச்சம். வெளியூரில் இருந்த வீட்டு உரிமையாளர் போனில் விளக்கினார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் போட்டவையாம். எல்லாம் போனிலேயே போடலாம், அணைக்கலாம். கூடத்து அலமாரியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும், அதுதான் எல்லாவற்றுக்கும் மூளை.

"உங்க வீட்டுக்காரரை வச்சுப் பார்த்துக்கிறதுக்கு வசதியா இருக்கும்மா" என்றார்.

கட்டிலோரத்தில் ஒரு பாயிண்ட் இருந்தது. மெஷினைச் செருகினேன். உறுமல் எழுந்தது. அவர் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு இழுத்து, "வந்துட்டா" என்றார்.

அன்று வெளிச்சம் மங்கும் நேரத்தில் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் நின்றது. துவைத்து முடிந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் ஃப்ரிட்ஜின் சத்தம் அடங்கியது. பிறகு கூடத்தில் மின்விசிறி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஆள் நடந்து வரும் அளவுக்கு இடைவெளி. கூடவே எங்கோ சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம். மாடி வீட்டில் யாரோ வெளியே கிளம்புகிறார்கள் போலும்.

பிறகு எங்கள் அறை.

உறுமல் நின்றது. ஒரு நொடி, வீட்டில் காது அடைக்கும் நிசப்தம். உடனே மெஷினின் அலாரம் கத்தத் தொடங்கியது.

பட்டனை அழுத்தினேன். பச்சை வெளிச்சம் திரும்பி வந்தது, மெஷினும் ஓடியது. அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வந்ததும் அவர் சொன்னது, "கோவிச்சுக்கிட்டா. புது எடம்ல."

அடுத்த நாளும் அதே நேரம், அதே வரிசை.

*

சுவரில் ஒட்டியிருந்த சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்தேன். வந்தவர் நாற்பதைத் தாண்டியவர், தொந்தியும் சிரிப்புமாக இருந்தார். எதைச் சொன்னாலும் "ரீசெட் பண்ணிட்டா சரியாயிடும்கா" என்றார். பட்டனை அழுத்திப் பிடித்தார், பச்சை சிவப்பாகி மின்னியது. போனிலிருந்து அந்தப் பாயிண்ட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தார். யாராவது நேரம் குறித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினார். எதுவும் இல்லை.

"தம்பி, என்னையும் ஒரு தடவ அழுத்திப் பிடியேன். ரீசெட் ஆகுறேனான்னு பார்ப்போம்" என்றார் என் கணவர் கட்டிலிலிருந்து.

"உங்கள அழுத்திப் பிடிச்சா அக்கா என்னை விட மாட்டாங்கண்ணே."

அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் ரீசெட் என்றே பெயர்.

அன்று மாலையும் அணைந்தது. ரீசெட் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடத்துப் பாயிண்ட்டைக் கழற்றிக் கட்டிலோரத்திலும், கட்டிலோரத்தில் இருந்ததைக் கூடத்திலும் மாற்றிப் பொருத்தினார். "பழுது பிளக்கோட போகுதா, எடத்தோட நிக்குதான்னு தெரிஞ்சுடும்கா" என்றார். நியாயமான யோசனை. பழுது இடத்தோடு நின்றது. அப்படியானால் வயரிங் என்று சுவருக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் முறுக்கினார். ஒரு வயரைக் கூட மாற்றினார். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளைப் பெட்டியையே கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். "மூளையே இல்லன்னா எப்படி அணைக்கும், பார்த்துடலாம்."

மூளை அவர் பையில் இருந்த அன்றும் பின்னறை, சமையலறை, கூடம், கட்டிலோரம்.

நான் கூடத்திலிருந்து நீள வயர் இழுத்துப் பார்த்தேன். கூடம் அணையும்போது அதுவும் அணைந்தது. மாடியில் தையல் கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டு, அவர் ஜன்னல் வழியாக ஒரு வயரை இறக்கி மெஷினைச் செருகினேன். மாலையில் அலாரம் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மெஷினின் பிளக் உருவப்பட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது. வயர், பாத்திரக்கடையில் கட்டித் தரும் கயிறு மாதிரி, அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

பழுது எதுவும் வயரைச் சுற்றி வைக்காது.

மூன்றாவது தடவை ரீசெட்டை மாலை வரை இருக்கச் சொன்னேன். கட்டிலோரத்துப் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் காதை வைத்துக்கொண்டார். நான் சிலிண்டரைத் தயாராக வைத்திருந்தேன். வெளிச்சம் மங்கியது. பின்னறையில் டிக்-டக். ரீசெட்டின் முகத்தில் சிரிப்பு போயிற்று.

"என்ன?" என்றேன்.

"பெட்டி அணைச்சா ஒரு சத்தம்தான்கா வரும்" என்றார் மெதுவாக. "உள்ள இரும்பு விழுற சத்தம். பட்டனைக் கையால அழுத்தினாதான் ரெண்டு சத்தம். உள்ள போறது ஒண்ணு, வெளிய வர்றது ஒண்ணு."

சமையலறையில் டிக்-டக்.

சாவிக்கொத்து குலுங்கியது. மாடியில் இல்லை. கூடத்தில்.

"அக்கா, வீட்ல வேற யாரு இருக்கா?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"சின்ன வீட்டையும் சேர்த்துக்க" என்றார் என் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

ரீசெட் பயந்தாலும் வேலையை விட்டுப் போகிறவர் இல்லை. மறுநாள் காலை வெயிலில் வந்து, கட்டிலோரத்துப் புதுப் பாயிண்ட்டைப் பிடுங்கிவிட்டு, சாதாரணச் சுவிட்ச் வைத்த பழைய மாதிரி பாயிண்ட்டைப் பொருத்தினார். மேல் பாதியை அழுத்தினால் ஓடும், கீழ் பாதியை அழுத்தினால் நிற்கும். அதில் பச்சை வெளிச்சமும் கிடையாது, போனும் தொட முடியாது. "இதை அணைக்கணும்னா ஆளு வந்து விரலை வைக்கணும்கா" என்றார். சொல்லிவிட்டு அந்த வார்த்தையே தனக்குப் பிடிக்காதவர் மாதிரி நிறுத்தினார்.

அன்று மாலை நாங்கள் மூன்று பேரும் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஈரத்துணி மணம் வந்தது. சோப்பு போட்டு அலசி, இன்னும் காயாத புடவையின் மணம். செருப்பு தரையில் தேயும் சத்தம் கதவருகே வந்து நின்றது.

சுவிட்சின் கீழ் பாதி உள்ளே போயிற்று.

அவசரமே இல்லாமல்.

வெளியே கிளம்புகிறவர்கள் அணைக்கிற மாதிரி.

ரீசெட் எழுந்து போனது எனக்குத் தெரியாது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் இல்லை, தெருக்கதவு திறந்து கிடந்தது. அவருடைய டிரில் மெஷின் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போன் செய்தால், "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்கிறார்.

*

தையல்கார அக்கா கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி படியில் உட்கார்ந்து கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"ஈரப் புடவை வாசனையா?"

"ஆமாக்கா."

"அவங்கதான்." டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "ஊட்டுக்காரம்மா. நீங்க குடியிருக்கிற வீட்டோட சொந்தக்காரரு அம்மா. அவங்க புருஷனுக்கும் இதே மாதிரி மூச்சு மெஷின் இருந்துச்சு. உனக்குத் தெரியாதாம்மா? வீடு தேடி வந்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன். வர்றவங்களப் பயமுறுத்துவானேன்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம். நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். வெளியே கிளம்பும்போது பின்னறையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வாசல் வரை வருவார். கையில் சாவிக்கொத்து, மனசு எங்கேயோ. கணவர் படுத்த பிறகு அந்த அம்மாள் வெளியே போனதே குறைவு. ஒரு நாள் சாயங்காலம் மருந்து தீர்ந்துபோய், துவைத்துக் காயாத புடவையோடு கிளம்பினார். மனசு மருந்துக் கடையில் இருந்தது. கை, பழகிய வழியில் போயிற்று.

"இதோ, இந்தப் படியிலதான் நின்னு எங்கிட்டப் பேசிட்டுப் போனாங்க" என்றார் அக்கா. "ரவிக்கை தைக்கக் குடுத்திருந்தாங்க. அளவு பத்திப் பேசினோம். நல்லா நிதானமா. அந்த மெஷின்ல அலாரம் கெட்டுப் போயிருந்திருக்கு."

அக்கா டேப்பைச் சுருட்டி மடியில் வைத்தார்.

"அப்புறம்தான் இந்த பிளக்கெல்லாம் போட்டாங்க. எங்க இருந்தாலும் போன்ல பாத்துக்கலாமே, அணைஞ்சிருக்கா எரியுதான்னு. ஆனா பாக்குறதுக்கு யாரு இருந்தா? அவங்க அதுக்கப்புறம் வாசப்படியைத் தாண்டவே இல்ல. கெளம்புவாங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு வாசல் வரைக்கும் வருவாங்க, திரும்பிப் போயிடுவாங்க. தெனமும். உள்ளயே போய்ச் சேந்தாங்க."

என் தங்கச்சி போனில் அழுதாள். "அக்கா, நாளைக்கே வண்டி எடுத்துட்டு வர்றேன். கெளம்பு." அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவரை இன்னொரு தடவை அசைத்தால் வழியிலேயே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை.

எனக்குக் கோபம் வந்திருந்தது.

அந்த அம்மாளின் துக்கம் எனக்குப் புரிந்தது. என்னைவிட யாருக்குப் புரியும்? ஆனால் அவருடைய கைப்பழக்கத்துக்கு என் புருஷனைக் கொடுக்க முடியாது.

சுவிட்சின் மேல் பாதியை அழுத்தி அகலமான டேப் ஒட்டினேன். மாலையில் டேப் உரிந்து, நுனி மடித்து, சுவரில் வேறொரு இடத்தில் பத்திரமாக ஒட்டப்பட்டிருந்தது. மரப்பெட்டி வைத்து மறைத்தேன். பெட்டி நகர்ந்து சுவரோரமாக நின்றது. பொருட்கள் எதுவும் அந்தக் கையைத் தடுக்கவில்லை.

அப்படியென்றால் கைதான் தடுக்க வேண்டும்.

*

மறுநாள் மாலை கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதுகு கட்டிலில் சாய்ந்திருந்தது. வலது கட்டைவிரலைச் சுவிட்சின் மேல் பாதியில் வைத்தேன்.

"லைப்ரரி, என்ன பண்ற?" என்றார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"சண்டைக்கு உட்கார்ந்திருக்கேன்."

"எங்கிட்ட போட்டு ஜெயிச்ச தைரியமா?"

"உங்ககிட்ட நான் எங்க சண்டை போட்டேன். நீங்கதான் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தோத்துடுவீங்களே."

அவர் சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு கையை நீட்டி என் தோளில் வைத்தார். எடை இல்லாத கை.

பின்னறையில் டிக்-டக்.

சமையலறை.

கூடம்.

ஈர மணம் அறையை நிறைத்தது. சாவிகள் ஒன்றோடொன்று உரசின. கதவருகே தேய்ந்த செருப்புச் சத்தம் என்னைத் தாண்டி, எனக்கும் சுவருக்கும் நடுவே, இடமே இல்லாத இடத்தில் வந்து நின்றது.

என் விரலுக்கு அடியில் சுவிட்ச் மேலெழும்பியது.

கீழ் பாதியை யாரோ அழுத்துகிறார்கள். நான் மேல் பாதியை அழுத்தினேன். சுவிட்ச் நடுவில் நின்று நடுங்கியது. மெஷினின் உறுமல் ஏறி இறங்கியது. குழாய்த் தண்ணீரில் ஊறிய விரல்கள் மாதிரி, சுருங்கிய, சில்லிட்ட விரல்கள் என் கட்டைவிரலுக்கு அடியில் நுழைந்தன. நகத்தை நெம்பின. கண்ணில் நீர் வந்தது. விடவில்லை.

"ஏங்க அம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்க வீட்டுக்காரர் போயிட்டார். பாவம் நீங்க. இவரு என் வீட்டுக்காரர். கையை எடுங்க."

அழுத்தம் கூடியது.

"எடுக்க மாட்டீங்களா? சரி. நானும் எடுக்க மாட்டேன். உங்களுக்குச் செத்தும் களைப்பு வரல. எனக்கு உயிரோட இருக்கிறவரைக்கும் வராது."

தோளில் இருந்த கை என்னை ஒரு தட்டுத் தட்டியது. "லைப்ரரில சத்தம் போடாத" என்றார் அவர், மூச்சுக்கு நடுவே.

ஜன்னலில் வெளிச்சம் முழுதாகப் போகும்வரை நடந்தது. பிறகு விரல்கள் தளர்ந்தன. சாவிக்கொத்து வாசல் பக்கம் போயிற்று. கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இல்லாமல் போனது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

என் நகம் கறுத்துப் போயிருந்தது. அவர் அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். "சக்களத்திச் சண்டைல சின்ன வீட்டுக்காக அடிவாங்கின முதல் பொண்டாட்டி நீதான்" என்றார்.

அதன்பிறகு தினமும் எனக்கு அதுதான் வேலை. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு மாலைகூடத் தவறவில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். தங்கச்சி பார்க்க வந்தால் அந்த நேரத்துக்குள் அனுப்பிவிடுவேன். கட்டைவிரல் நகம் விழுந்து, புதிது முளைத்து, அதுவும் கறுத்தது. தையல்கார அக்கா தோல் வைத்துத் தைத்த விரலுறை ஒன்றைக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன், பிடி வழுக்கியது. கழற்றிவிட்டேன்.

பயமாக இல்லையா என்று அக்கா கேட்டார். பயம் தினமும் வந்தது. ஆனால் பயப்படுவதற்கு இரண்டு கையும் தேவையில்லை. ஒன்று போதும். இன்னொன்று சுவிட்சில் இருக்கும்.

அந்த மாலைகளில் அவர் என் பின்னால் படுத்தபடி பேசிக்கொண்டே இருப்பார். கல் ஆலையில் சங்கு ஊதாமலேயே வேலையை நிறுத்திய கதை, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவை வேலைக்காரர் என்று நினைத்துத் தண்ணீர் கேட்ட கதை. எல்லாம் எனக்குத் தெரிந்த கதைகள். விரலை நெம்பும் அந்தக் கையும் கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்று சில நாள் தோன்றும். சிரிப்பு வரும் இடங்களில் அது கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். நான் அந்த இடைவெளியில் இன்னும் பலமாக அழுத்திக்கொள்வேன். இரக்கம் காட்டுகிற நிலையில் நான் இல்லை.

*

மழை விட்ட ஒரு மாலை. ஜன்னலில் நீர்த்துளிகள் தங்க நிறமாக இருந்தன.

பின்னறை, சமையலறை, கூடம். விரல்கள் வந்தன. நான் பிடித்தேன். அவர் கை என் தோளில். கதை எதுவும் சொல்லவில்லை. மதியத்திலிருந்தே களைப்பாக இருந்தார்.

"ஏங்க, பேசுங்களேன்."

"நீ கேட்டுக்கிட்டே இரு. நான் மனசுக்குள்ள சொல்றேன்."

வெளிச்சம் இன்னும் இருந்தது. நேரம் முடியவில்லை. ஆனால் திடீரென்று விரல்கள் தளர்ந்தன. எப்போதும் போலச் சலித்துப் போய் விலகவில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி விருட்டென்று பின்வாங்கின. சாவிகள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தரையில் எதுவும் இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது என் தோளில் இருந்த கை கனத்தது.

எடையே இல்லாத கை. அது கனத்துக்கொண்டே வந்து, மெல்லச் சரிந்து, என் மடியில் விழுந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று போய்க்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, விரலை நெம்பிய அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

தையல்கார அக்கா வந்தார், தங்கச்சி வந்தாள், டாக்டர் வந்தார். யாரோ மெஷினை அணைக்கப் போனார்கள். என் விரல் இன்னும் சுவிட்சில்தான் இருந்தது.

"யாரும் தொடாதீங்க" என்றேன்.

எல்லோரும் நகர்ந்தார்கள். அறையின் மூலையில் ஈர மணம் இருந்தது. அதைப் பார்த்தும் சொன்னேன். "நீங்களும்தான்."

பிறகு நானே கீழ் பாதியை அழுத்தினேன். என் கையால். அவர் மூச்சு சுவிட்சால் நிற்கவில்லை. அதை நான் யாரிடமும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

*

மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெளிறிய தடம் மட்டும் இருக்கிறது.

அன்றோடு அந்த மாலைச் சுற்றும் நின்றுவிட்டது. நான் பழக்கதோஷத்தில் வெளிச்சம் மங்கும்போது தரையில் உட்கார்ந்து, காலிப் பாயிண்ட்டின் சுவிட்சைப் போட்டு, மேல் பாதியில் விரலை வைத்துக் காத்திருப்பேன். பின்னறை அமைதி, சமையலறை அமைதி. ஈர மணமும் இல்லை, சாவிச் சத்தமும் இல்லை. அவ்வளவு சண்டை போட்டவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வருத்தம்கூட இருந்தது.

தங்கச்சி விடவில்லை. "அந்த வீட்ல ஒத்தையா உக்காந்து என்னக்கா பண்ற? எங்கூட வந்துடு" என்று தினமும் போன். நான் வரமாட்டேன் என்றேன். அவர் கடைசியாக மூச்சு விட்ட வீடு அது. ஒரு கைக்கு எதிராக நான் காப்பாற்றி வைத்த வீடு. யாருக்காகவும் காலி செய்ய மாட்டேன். கடைசியில் அவளே ஆட்டோவோடு வந்து நின்றாள், ஒரு நாளாவது வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று. சரி, ஒரு நாள்.

அவர் போன பிறகு நான் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. புடவை மாற்றினேன். துவைத்த புடவை, ஓரம் இன்னும் காயவில்லை. சாவிக்கொத்தை எடுத்தேன். தங்கச்சி வாசலில் காத்திருந்தாள். அவளுக்குப் பிடித்த ஊறுகாயை எடுத்துவைக்க மறந்துவிட்டோமே என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பின்னறைப் பட்டனை அழுத்தினேன். டிக்-டக்.

சமையலறை.

கூடம்.

படுக்கையறைக்குள் போய், கட்டிலோரத்துச் சுவிட்சில் விரலை வைத்துக் கீழ் பாதியை அழுத்தினேன்.

இறங்கவில்லை.

அப்போதுதான் என் கையிலிருந்த சாவிகளின் சத்தம் எனக்குக் கேட்டது. என் புடவையின் மணம் எனக்கு வந்தது. நான் வந்த வழி புரிந்தது.

மறுபடி அழுத்தினேன். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுவிட்ச் நடுவில் நின்று நடுங்கியது. மேல் பாதியில் யாரோ விரல் வைத்திருந்தார்கள். விடுகிற எண்ணம் துளியும் இல்லாத விரல். நான் வைப்பதைப் போலவே, நகத்தைச் சாய்த்து, எலும்பின் பலத்தில் வைத்திருந்தார்கள். அப்படிப் பிடிக்க இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும், என் எதிரே தினமும் நின்றவருக்கும், என் பின்னால் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும்.

"யாரு?" என்றேன்.

சுவிட்சின் மேல் பாதி மட்டும் மெல்ல அழுந்தி, அதன் பழைய இடத்திலேயே படிந்தது.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் தோற்பதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

தங்கச்சி பையை வாங்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் அணைச்சிட்டியாக்கா?"

"ஒண்ணைத் தவிர."

அவள் படியிறங்கப் போய், நின்றாள். தலையைச் சாய்த்துப் பூட்டிய கதவின் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"மெஷினைத்தான் அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்றாள். "அப்ப உள்ள என்னக்கா ஓடுது?"